ஆறே முக்கால் நிமிடக் கெட்டி மேளம்

இலை போட்டாயிற்று, தண்ணீர் தெளித்துத் துடைத்தாயிற்று, உப்பும் ஊறுகாயும் வருவதற்குள் ஒரு முடிவுக்கு வந்துவிடலாம் என்றுதான் பந்தியில் உட்கார்ந்தேன், உப்பு வந்துவிட்டது, ஊறுகாயும் வந்துவிட்டது, மாங்காயை நீளநீளமாக நறுக்கிப் போட்ட ஊறுகாய், எண்ணெய் மினுமினுவென்று நிற்கிறது, இதை மட்டும் கிட்டத்தில் வைத்து ஒரு படம் எடுத்தால் சமையல்காரரின் இன்ஸ்டாகிராம் பக்கத்துக்கு ஆகும், பார் புத்தி போகிற போக்கை, தலைக்கு மேல் வெள்ளம் போகிறது, இவளுக்கு ஊறுகாய்ப் படம் கேட்கிறது. பியூலா, உனக்கெல்லாம் வெட்கமே கிடையாதா. இடது கையில் போன், போனில் வீடியோ, ஆறு நிமிடம் நாற்பத்தைந்து விநாடி. அதன் முதல் மூன்று விநாடியில் திரையின் வலது ஓரத்தில் ஒரு விரல் வந்து இப்படியும் அப்படியும் ஆடிவிட்டுப் போகிறது. மெரூன் கலர் நகப்பூச்சு. அதே நகப்பூச்சு இப்போது ஊறுகாயைத் தொட்டு வாயில் வைக்கிறது. கல்யாண மண்டபத்தில் விரலை ஆட்டினால் என்ன அர்த்தம் என்று இந்த ஊரில் ஐந்து வயதுக் குழந்தைக்குக்கூடத் தெரியும். எனக்கும் தெரியும். மூன்று வருஷமாக முகூர்த்தம் தவறாமல் மேடையோரம் நிற்கிறேன், தெரியாமல் என்ன. ஐயர் விரலைத் தூக்கி ஆட்டுவார், கெட்டி மேளம் கெட்டி மேளம் என்பார், தவில் இடியாக இறங்கும், தாலி ஏறும், அட்சதை பறக்கும். இன்றைக்கு விரலை ஆட்டியது ஐயர் இல்லை, நான்.

குறுக்கே வந்த கேமராக்காரரைத் தள்ளி நிற்கச் சொல்லித்தான் ஆட்டினேன். வாயைத் திறந்து சொல்லியிருக்கலாம், ஆனால் வீடியோவில் என் குரல் விழுந்துவிடுமே, அந்த ஒலியைக் காப்பாற்றப் போய்த்தான் இத்தனையும். தாலித் தட்டு அப்போது சபையில் இருந்தது. தேங்காயின் மேல் மஞ்சள் கயிறோடு தட்டை வரிசை வரிசையாகக் கொண்டுபோவார்கள், பெரியவர்கள் தொட்டுக் கும்பிட்டு ஆசீர்வதிப்பார்கள், நான்காவது வரிசையில் ஒரு பெரியவர் கண்ணாடியைத் தேடிக்கொண்டிருந்தார், அவர் மடியில் தட்டு, மேடையில் மாப்பிள்ளை வெறுங்கையோடு உட்கார்ந்திருக்கிறார், அப்போது விழுந்தது கெட்டி மேளம். பாதி சபை அட்சதையை அள்ளி வீசிவிட்டது. மாப்பிள்ளை தலையில் அரிசி, கையில் ஒன்றுமில்லை. பொண்ணு சுகிர்தா நிமிர்ந்து பார்த்தாள், அந்த முகம் வீடியோவில் இருக்கிறது, பரீட்சை ஹாலில் வேறு கேள்வித்தாள் வந்த சின்னப்பிள்ளை மாதிரி பார்த்த முகம். ஐயர் இரண்டு கையையும் தூக்கி நிறுத்து நிறுத்து என்கிறார், அதையும் கெட்டி மேளம் என்றே நினைத்து மீதிப் பாதியும் வீசிவிட்டது. இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது. சிரிக்கக் கூடாது, பக்கத்து நாற்காலியில் அம்சவேணி உட்கார்ந்திருக்கிறாள்.

அம்சவேணிதான் தவில். அவள் அண்ணன் முத்தழகர் நாதஸ்வரம், அவர் வெளியே காற்று வாங்கப் போய்விட்டார், கூட்டம் பார்க்கிற பார்வை தாங்காமல். இவள் மட்டும் வந்து ஜம்மென்று பந்தியில் உட்கார்ந்தாள், பசிக்குதுக்கா என்றாள், அவ்வளவுதான். கூட்டு வைக்கிறார்கள், பூசணிக் கூட்டு, அடுத்து பீன்ஸ் பொரியல், அப்பளம். எனக்குப் பார்வை அவள் விரல்மேல் போகிறது. கூடுகளைக் கழற்றியிருக்கிறாள், தவில்காரர்கள் வலது கை விரலில் மாட்டுகிற கெட்டியான உறை, அது அழுத்தின இடமெல்லாம் வட்டம் வட்டமாகச் சிவந்து கிடக்கிறது. கெட்டி மேளம் என்பது ஒரு நிமிடச் சமாச்சாரம், அதற்குமேல் கை தாங்காது, அந்த வேகம் அப்படி. அவள் ஆறே முக்கால் நிமிடம் அடித்தாள். தட்டு நான்காவது வரிசையிலிருந்து புறப்பட்டு, தலைகளுக்கு மேலாகக் கைமாறி, நடுவில் ஒரு அம்மாள் அவசரத்திலும் விடாமல் தொட்டுக் கும்பிட்டு, மேடை ஏறி, ஐயர் மந்திரத்தை எங்கே விட்டோம் என்று தேடிப் பிடித்து, தாலியை எடுத்து மாப்பிள்ளை கையில் கொடுத்து, மூன்று முடிச்சு விழுகிற வரைக்கும் அவள் கை நிற்கவில்லை. மூன்றாவது நிமிடத்தில் முத்தழகர் மூச்சு வாங்க நாதஸ்வரச் சீவாளியை வாயிலிருந்து எடுக்கிறார், அப்போது தனியாக அடிக்கிறாள். நாலாவது நிமிடத்தில் சபையில் யாரோ விசிலடிக்கிறார்கள். ஐந்தாவது நிமிடத்தில் வியர்வை மூக்கு நுனியில் நின்று சொட்டுகிறது, துடைக்கக் கை ஏது, தலையை ஒரு உதறு உதறுகிறாள், தாளம் பிசகவில்லை. இதைப் பத்துத் தடவை போட்டுப் பார்த்துவிட்டேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, கழிவறைக்குள் போய் நின்று அழுதேன். இப்படி ஒரு வாசிப்பை என் ஆயுளில் பார்க்கவில்லை. இவள் பக்கத்தை நடத்துகிறேன் என்று சொல்லிக்கொள்ளவே எனக்குப் பெருமையாக இருக்கிறது.

பக்கம் என்றால், ஆறு பக்கம். மண்டபம், மணவறை அலங்காரம், சமையல், மேக்கப், கேமரா, மேளம், புதுக்கோட்டையில் கல்யாணத் தொழிலில் இருக்கிற ஆறு பேருக்கு இன்ஸ்டாகிராமில் எழுதுவது நான் ஒருத்தி. யாருக்கும் தெரியாது, தெரியவும் கூடாது, அதுதான் வேலையே. காலையில் மண்டபமாகப் பேசுவேன், எங்கள் மண்டபத்தில் முன்னூறு கார் நிறுத்தலாம். மத்தியானம் சமையல்காரராகப் பேசுவேன், எங்கள் கைப்பக்குவத்தை ஒருமுறை ருசித்துப் பாருங்கள், எனக்கு வெந்நீர் வைத்தால் அடிப்பிடிக்கும். சாயங்காலம் தவிலாகப் பேசுவேன், எங்கள் குழு, எங்கள் இசை, எங்கள் வணக்கம். வருஷம் முழுக்க எங்கள் எங்கள் என்று எழுதி எழுதி, என் வீட்டுக்காரர் ஜெபராஜ் சாப்பிட்டாயா என்று கேட்டால்கூட சாப்பிட்டோம் என்று சொல்லிவிடுகிறேன், எத்தனை பேருடி என்று கேட்பார். அம்சவேணியின் பக்கத்துக்கு முதலில் நான் வைத்த பேர் பெண் தவில். பிய்த்துக்கொண்டு போகும் என்று நினைத்தேன், போகவும் செய்தது, ஆனால் அவள் போன் போட்டு, அக்கா, ஆம்பளை வாசிச்சா ஆம்பளைத் தவில்னா போடுவீங்க, தவில்னு மட்டும் போடுங்களேன் என்றாள். கோபமே இல்லை, சோறு போடுங்களேன் என்கிற மாதிரிதான் சொன்னாள். அன்றைக்கே மாற்றினேன். மாற்றி என்ன, இன்றைக்கு மேடையில் பொண்ணோட பெரியப்பா செல்லத்துரை கேட்டாரே ஒரு கேள்வி.

சோறு வந்துவிட்டது. பருப்பு, மேலே நெய். பிசைகிறேன், இறங்க மறுக்கிறது. முடிச்சு விழுந்து, தவில் நின்று, ஒரு நொடி சபையே மூச்சுவிட்டது, அப்போது செல்லத்துரை மேடையிலேயே திரும்பினார். யாரு உங்களை வாசிக்கச் சொன்னது என்றார். அம்சவேணி எழுந்து நின்று கைகூப்பினாள், எங்க தப்புதாங்க, மன்னிச்சுக்குங்க என்றாள். எங்க தப்பு. நான் பத்தடி தள்ளி நின்றுகொண்டிருந்தேன், கையில் போன், முடிச்சு விழுந்ததும் முதல் வீடியோவை நிறுத்தி அடுத்ததை ஓடவிட்டிருந்தேன், அந்த மன்னிப்பும் நன்றாகப் பதிவாகட்டும் என்று ஒரு எட்டு முன்னால்கூட வைத்தேன், இதை எந்தச் சாமியிடம் சொல்லி மன்னிப்புக் கேட்பது. பொம்பளையத் தவிலுக்கு வெச்சா இப்படித்தான் என்று அவர் சொன்னது மைக்கில் விழுந்தது. சபையில் சிலர் தலையாட்டினார்கள். வைகாசியில் அவருடைய சொந்த மகளுக்குக் கல்யாணம், அதற்கும் இதே மேளம்தான் சொல்லியிருக்கிறது, வேற ஆளைப் பார்க்கச் சொல்லிட்டேன் என்று கைகழுவும் இடத்தில் யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார், என் காதால் கேட்டேன். செல்லத்துரை ஒரு வீடு இல்லை, அவர் சொன்னால் கேட்கிற வீடு சுற்றுவட்டாரத்தில் ஐம்பது இருக்கும். அந்த ஐம்பது வீட்டிலும் இனி, அந்தப் பொம்பளைத் தவிலா, அது தாலிக்கு முந்தியே அடிச்சுப்புடுமே என்பார்கள். ஒரு தடவை அப்படிப் பேர் விழுந்தால் அதை எந்த ஹேஷ்டேக்காலும் கழுவ முடியாது, பேர் விழவைக்கிற தொழில் என்னுடையது, எனக்குத் தெரியாதா.

போன் அதிர்கிறது. அலங்காரக் குமரவேல், மணவறை போட்டவர். அக்கா அந்த வீடியோவைப் போடுங்க, காமெடிப் பாட்டு சேர்த்துப் போடுங்க, பின்னாடி நம்ம பூவெல்லாம் நல்லா விழுந்திருக்கும், பத்து லட்சம் பேர் பார்ப்பாங்க. பார்ப்பார்கள்தான். அட்சதை பறக்க மாப்பிள்ளை முழிக்கிற அந்த ஒரு காட்சி போதும், நாளைக்குக் காலையில் துபாயில் இருப்பவர்கள்கூடச் சிரிப்பார்கள், கீழே கமெண்டில் தவிலம்மாவுக்கு என்ன அவசரம் என்பார்கள். முதல் மூன்று விநாடியை வெட்டிவிட்டால் விரலும் போய்விடும். வெட்டுவது எனக்கு என்ன பெரிய காரியமா, கட்டைவிரலால் ஒரு இழுப்பு. அழித்துவிட்டால் இன்னும் சுலபம், யாருக்கும் சிரிப்பும் இல்லை, எனக்கும் பயம் இல்லை, மேளக்காரர்கள் தப்பு என்று ஊர் மறக்கிற வரை பேசிவிட்டு விட்டுவிடும். ஊர் எப்போது மறந்தது. சொன்னால்? ரீல்ஸ் எடுக்கிறவர்கள் மேடை ஏறக் கூடாது என்று ஏற்கெனவே இரண்டு மண்டபத்தில் போர்டு வைத்துவிட்டார்கள். பியூலா விரலை ஆட்டிக் கல்யாணத்தையே கலக்கிவிட்டாள் என்று தெரிந்தால் எந்த ஐயர் என்னைக் கிட்டே விடுவார், ஆறு பக்கமும் ஒரே நாளில் கைவிட்டுப் போகும். மறுபடியும் முன்பு வேலை பார்த்த அந்த ஜெராக்ஸ் கடை, அந்த மெஷின் சூடு, இரண்டு காப்பியா மூணு காப்பியா. வேண்டாம். எங்கள் வேதக்கோயிலில் நல்லது, சர்ச்சில் ஆர்கன் வாசிக்கிறவருக்கு யாரும் விரலை ஆட்டுவதில்லை, அவர்பாட்டுக்குப் புத்தகத்தைப் பார்த்து வாசிக்கிறார். மேளக்காரர்கள் ஏன் விரலைப் பார்க்க வேண்டியிருக்கிறது, தாலியையே பார்த்து வாசிக்கலாமே என்று முன்பு ஒரு தடவை முத்தழகரிடம் கேட்டிருக்கிறேன், அவர் சிரித்துவிட்டு, எங்கம்மா பார்க்கவிடுறீங்க, பூராப் பேரும் முன்னாடி நின்னு மறைச்சுக்கிறீங்க, உங்க முதுகைத்தான் பார்க்கிறோம், முதுகுக்கு மேல விரல் தெரிஞ்சா அடிக்கிறோம் என்றார்.

சாம்பார் போயிற்று, ரசம் வருகிறது. இந்த ரசம், சரி வேண்டாம், ரசத்தைப் பற்றி ஒன்றும் யோசிக்கப் போவதில்லை. அம்சவேணி ரசத்தில் விரலை வைத்ததும் ஸ் என்று இழுத்துக்கொண்டாள், சிவந்த இடத்தில் பட்டிருக்கும். அம்சா என்றேன். சாப்பிடுங்கக்கா, சோறு ஆறுது என்றாள். அம்சா, அந்த விரல். அவள் என்னைப் பார்க்காமலே சோற்றுக்கு நடுவில் ரசத்துக்குக் குழி பறித்துக்கொண்டிருந்தாள். தெரியும்க்கா, கேமரா அண்ணனத் தள்ளச் சொன்னீங்க, ஒரு அடி விழுந்த பிறகுதான் அது ஐயர் கை இல்லைன்னு பார்த்தேன், நெயில் பாலிஷ். அப்பவே நிறுத்தியிருக்கலாமே என்றேன். நிறுத்துறதா என்று திரும்பினாள். கெட்டி மேளம் பாதியில நின்னுச்சுன்னா அந்தப் பொண்ணு கதி என்னாகுறது, நாளைக்கு வீட்ல ஒரு பால் திரிஞ்சாக்கூட அன்னைக்கே மேளம் நின்னு போச்சேம்பாங்க, ஆயுசு பூரா சொல்லிக் காட்டுவாங்க, நமக்குக் கைதான வலிக்கும், வலிச்சுட்டுப் போவுது. பிறகு அப்பளத்தை நொறுக்கினாள். இத்தனை பெரிய விஷயத்தை ஒரு அடிக்கும் அடுத்த அடிக்கும் நடுவில் யோசித்து முடிவெடுத்திருக்கிறாள், நான் இலை போட்டதிலிருந்து ரசம் வரைக்கும் வந்தும் முடியாமல் உட்கார்ந்திருக்கிறேன்.

அப்புறம் எதுக்கு எங்க தப்புன்னு சொன்னே என்றேன், தப்பு என்னோடதுதானே. எங்க தப்புன்னா உங்களையும் சேத்துத்தானக்கா என்றாள், பக்கத்துல எங்கள் எங்கள்னு எழுதுறது நீங்கதான, அப்ப நீங்களும் எங்க ஆளுதான. இதைச் சொல்லிவிட்டு மோர் கேட்டாள். மோர் இன்னும் வரலைம்மா, பாயசம் வருது என்றார் பரிமாறுகிறவர். எனக்கு மண்டையில் ஓங்கிப் போட்டது போல இருந்தது. எங்கள் எங்கள் என்று நான் எழுதினது பசை குறைந்த ஸ்டிக்கர், எந்தப் பக்கத்தில் வேண்டுமானாலும் ஒட்டலாம், எடுக்கலாம். அவள் அதை நிஜம் என்று நினைத்து, அதன்மேல் நம்பி நின்று, சபை நடுவில் கைகூப்பியிருக்கிறாள். என்னை ஆள் என்று கணக்கில் சேர்த்து எனக்காகவும் திட்டு வாங்கியிருக்கிறாள். மூன்று வருஷத்தில் என்னை யாரும் எதிலும் சேர்த்ததில்லை, நான் எல்லாருக்காகவும் பேசினேன். பாயசம் இலையில் ஓடுகிறது, அணை கட்டத் தோன்றவில்லை, ஓடட்டும். இவள் காலில் விழலாம் போல இருக்கிறது, என்னைவிட ஐந்து வயது சின்னவள்.

செல்லத்துரை வருகிறார். வேட்டியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, வரிசை வரிசையாக, சாப்பாடு எப்படி, நல்லாச் சாப்பிடுங்க, அங்க அப்பளம் போடு, இங்கே கவனி. எங்களுக்கு நாலு இலை தள்ளி. மூன்று இலை. அம்சவேணியைப் பார்த்ததும் முகம் இறுகுகிறது, தாண்டிப் போய்விடப் பார்க்கிறார். போகட்டும், போனால் போகட்டும், பிறகு தனியாக வீட்டுக்குப் போய்ச் சொல்லிக்கொள்ளலாம், நாளைக்கு, ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து, தலைவலி இல்லாத ஒரு நாளாகப் பார்த்து. ஆனால் நான் எழுந்துவிட்டேன். எப்போது எழுந்தேன் என்று தெரியவில்லை, சாப்பிட்ட கை, பாயசம் முழங்கை வரை வழிகிறது, பந்தியில் பாதியில் எழுந்திருக்கக் கூடாது என்று எல்லாரும் பார்க்கிறார்கள். ஐயா, விரலை ஆட்டினது நான் என்றேன். என்ன விரல் என்றார். கெட்டி மேளம் விழுந்துச்சே, அதுக்கு விரலை ஆட்டினது ஐயர் இல்லைங்க, நான், கேமராக்காரரைத் தள்ளச் சொல்லி ஆட்டினேன், இந்தா வீடியோ இருக்கு, இவங்க பேர்ல ஒரு தப்பும் இல்லைங்க, தப்புன்னு தெரிஞ்சும் பொண்ணு பேரு கெடக் கூடாதுன்னு தாலி ஏறுற வரைக்கும் கையை நிறுத்தலை, அந்தக் கையைப் பாருங்க. மூச்சு வாங்குகிறது. அம்சவேணி கையை இலைக்குக் கீழே மறைக்கப் பார்க்கிறாள், முடியவில்லை, விரலெல்லாம் சோறு.

அவர் போனைப் பார்த்தார். மூன்று விநாடிதான் பார்ப்பார் என்று நினைத்தேன், முழுவதையும் பார்த்தார், நின்றபடியே, ஆறே முக்கால் நிமிடம். பரிமாறுகிறவர் பாயசத் தூக்கோடு பின்னால் காத்து நின்றார். பக்கத்து இலைக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். வியர்வை சொட்டுகிற இடம் வந்தபோது அவர் தொண்டையைச் செருமினார். பிறகு என்னிடம் கேட்டார், அப்பவே சொல்றதுக்கென்னம்மா. படம் எடுத்துக்கிட்டிருந்தேங்க என்றேன், அதுதான் உண்மை. ம் என்றார். நீ யாரு என்றார். பியூலாங்க. எந்தக் கம்பெனி. கம்பெனியெல்லாம் இல்லைங்க, பியூலா. என் வீட்டுக் கல்யாணத்துல நீ மேடைப் பக்கம் வரக் கூடாது என்றார். சரிங்க என்றேன். அவர் அம்சவேணி பக்கம் திரும்பினார், மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை, அந்த வயசில் அந்த ஆட்களுக்கு அது வராது, பரிமாறுகிறவரிடமிருந்து கரண்டியைத் தானே வாங்கி அவள் இலையில் பாயசம் ஊற்றினார், ஒரு கரண்டி, இன்னொரு கரண்டி. வைகாசி ஒன்பது, காலைல அஞ்சு மணிக்கெல்லாம் வந்துரும்மா என்றார். வந்துர்றோம் என்றாள். அவர் அடுத்த வரிசைக்குப் போனார், அங்கே யாரோ என்னங்க என்று கேட்க, அதெல்லாம் அந்தப் புள்ள வாசிச்சது சரிதாம்ப்பா என்று அவர் சொன்னது இங்கே வரைக்கும் கேட்டது.

உட்காருங்கக்கா, எழுந்த இலையில மறுபடி உட்காரக் கூடாதும்பாங்க, நீங்க வேதக்காரங்கதான, உட்காருங்க என்றாள் அம்சவேணி. உட்கார்ந்தேன். இப்போது பசித்தது, நன்றாகவே பசித்தது, அதற்குள் மோர் வந்திருந்தது, மோர்ச்சோற்றை இரண்டு வாய் அள்ளிப் போட்டேன். குமரவேல் இன்னொரு தடவை அனுப்பியிருந்தார், அக்கா போட்டாச்சா. நாளைக்கு எத்தனை பக்கம் மிஞ்சும் என்று பார்த்தால் மண்டபம் போய்விடும், கேமரா போய்விடும், மேக்கப் நிச்சயமாகப் போய்விடும், மிச்சம் என்னவோ. இடது கைக் கட்டைவிரலால் வீடியோவை எடுத்தேன். வெட்டவில்லை. பாட்டுச் சேர்க்கவில்லை. தலைப்பு எழுதும் இடத்தில் பழக்கதோஷத்தில் எங்கள் என்று அடித்துவிட்டு, அழித்தேன். அம்சவேணி எட்டிப் பார்த்தாள், என்னத்தக்கா எழுதுறீங்க என்றாள், பொறு என்றேன். பிறகு எழுதினேன்: விரலை ஆட்டியது நான், பியூலா. வாசித்தது அம்சவேணி.